இங்கன சுட்டா அங்கன அடிக்கும்

எனக்குப் பயம் வந்தால் வயிறு கலக்கும். கூடவே ஜோக்கும் வரும். இரண்டில் எது முதலில் வரும் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், என்னைப் பெரிய நகைச்சுவைப் பேர்வழி என்று ஊரே நம்பியது. பயந்தாங்கொள்ளி என்று கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எழுபதுகளின் கடைசி அது. வருஷா வருஷம் தேனியில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி நடக்கும். முந்தின வருஷம் நான் கொண்டுபோனது எரிமலை. களிமண்ணில் மலை, உச்சிக்குழியில் மருந்து. பற்ற வைத்ததும் எரிமலை தன் கடமையை ஒழுங்காகச் செய்தது; மேசை விரிப்பையும் கையோடு முடித்து வைத்தது. வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். நடுவர் ஒருவரின் வேட்டி ஓரம் பழுப்பாகிப்போனது. நான் அவரிடம், "எரிமலை பக்கத்துல யாரு சார் இவ்வளவு கிட்ட நிக்கச் சொன்னது" என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஹெட்மாஸ்டரும் சிரிக்கவில்லை.

அதனால் அடுத்த வருஷம் கண்காட்சிச் சுற்றறிக்கை வந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பரிசெல்லாம் வேணாம்யா. யாரோட வேட்டியும் எரியாம வந்து சேரு" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பில் வந்து, யாருக்காவது ஏதாவது செய்யத் தோன்றுகிறதா என்று கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசிக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சாதாரணமாகப் பேசாத பெண்.

"சார், ஸ்டோர்ல சூடு ஏறுனா வெளிய மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு செய்யலாமா?"

"எந்த ஸ்டோரு?"

"ஏலக்கா ஸ்டோர் சார். எங்கப்பா தீ போட்டாகள்ல."

மலை மேல் ஏலக்காயைக் காயவைக்கும் கட்டிடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். சூடு குறைந்தால் காய் பூஞ்சை பிடிக்கும். கூடினால் பச்சை நிறம் போய்க் கருகிவிடும். தீ போடுகிற ஆள் அடிக்கொருதரம் உள்ளே போய், வெந்து, வெளியே வந்து, விறகைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு அதுதான் வேலை. அடைமழைக் காலத்தில் ஒரு நாள் அவர் கொஞ்சம் கண்ணசந்துவிட்டார். ஒரு அறைக் காய் முழுக்கக் கருகிப்போனது. அடுப்பைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரை மூட்டை தூக்கப் போட்டார்கள். அதற்குப் பிறகு மலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "ஏலே கருக்கி, இங்கன வா" என்றுதான் கூப்பிடுவார்களாம். இதை அவள்தான் சொன்னாள், ஏதோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி, முகம் மாறாமல்.

செய்ததெல்லாம் அவள்தான். என் பங்கு, பக்கத்தில் நின்று பதறியது. பலசரக்குக் கடையில் தேயிலை வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள்; அதுதான் ஸ்டோர். பெட்டியின் விளிம்பில் அடித்திருந்த இரும்புப் பட்டையைக் கழற்றினாள். வீட்டில் ஓட்டை விழுந்து கிடந்த பித்தளை வெற்றிலைப் பெட்டியிலிருந்து அதே அகலத்துக்கு ஒரு தகடு வெட்டினாள். பாத்திரத்துக்கு ஓட்டை அடைக்கிறவரிடம் போய், இரண்டையும் முதுகோடு முதுகாக ஆணி வைத்து ஒட்ட அடித்து வாங்கினாள். பெட்டிக்குள் ஒரு சிம்னி விளக்கு. அதற்கு மேலே இந்தத் தகடு. தகட்டின் நுனிக்கு எதிரே ஒரு திருகாணி. சூடு ஏறினால் தகடு வளைந்து போய் ஆணியைத் தொட வேண்டும். தொட்டால் கரண்ட் ஓடி, வெளியே மணி அடிக்க வேண்டும். மணிக்கு எங்கள் ஆய்வகத்தில் பல வருஷமாக ஊமையாகக் கிடந்த மின்மணியை எடுத்துத் துடைத்து, சுத்தியலின் வாயில் இருந்த துருவை உரசி எடுத்து, அதற்கும் பேச்சு வரவைத்தாள்.

முதலில் பற்ற வைத்தபோது தகடு வளைந்தது, ஆனால் ஆணியை விட்டு எதிர்ப்பக்கமாக வளைந்தது. நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நோட்டில் சூத்திரமெல்லாம் போட்டேன். மூன்றாம் நாள் அவள் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். மணி அடித்தது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பித்தளைதான் சார் ரொம்பத் துள்ளுது. அது இரும்பத் தள்ளிக்கிட்டுப் போகுது. அதான் இரும்பு ஆணிப் பக்கமா வர்ற மாதிரி திருப்பி மாட்டிட்டேன்."

நான் இரண்டு நாளாகப் படித்ததும் அதைத்தான் சொல்லியிருந்தது. எனக்குத்தான் எட்டவில்லை.

அவள் அப்பா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அவளையும் காய் எடுக்க மலைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிற பெண்களில் பாதிப்பேர் எங்கள் பழைய மாணவிகள். அவர் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கைப் பற்ற வைத்துக் காட்டினோம். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பிறகு குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"இது என்ன கணக்கு ஆத்தா?"

"இங்கன சுட்டா அங்கன அடிக்கும்ப்பா."

அவர் மணியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சார், இது நெசமாவே அடிக்குதுன்னு நாலு பெரிய மனுசக எழுதிக் குடுக்கட்டும். அந்தத் தாளக் கொண்டுபோயி மொதலாளிகிட்டக் காட்டுறேன். என்னயத் திரும்ப ஸ்டோர்ல போட்டாகன்னா, இவ மலையேற வேண்டியதில்ல. பத்தாவது படிக்கட்டும்."

"பரிசே வாங்கிட்டு வர்றோம் பாருங்க" என்றேன். பயத்தில் வாய் என்ன வேண்டுமானாலும் பேசும்.

அவள் படிப்பு முழுக்க அந்தத் தேயிலைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது தெரிந்த நிமிஷத்திலிருந்து என் வயிறு ஓயவில்லை.

முதல் காரியமாக அவள் பேச்சைத் திருத்தினேன். மதுரையிலிருந்து காலேஜ் பேராசிரியரெல்லாம் நடுவராக வருவார்; அவர் முன்னால் போய் 'இங்கன', 'அங்கன' என்றால் என்ன நினைப்பார்? ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "வெப்பத்தினால் உலோகங்கள் விரிவடைகின்றன. ஒரே அளவு வெப்பத்திற்குப் பித்தளையானது இரும்பைக் காட்டிலும் அதிகமாக விரிவடைகிறது." இரண்டு பக்கம். மூன்றே நாளில் மனப்பாடம் செய்தாள். நடுவில் ஒரு தரம் வழக்கம்போல 'இங்கன சுட்டா' என்று ஆரம்பித்தாள். நான் கையை ஓங்கிக் காட்டினேன். அடிக்கவில்லை, ஓங்கியதோடு சரி. அதற்கப்புறம் அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை.

இரண்டாவது காரியத்தைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம், சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து வேறொரு பள்ளி வாத்தியார் ஏதோ வேலையாக எங்கள் பள்ளிக்கு வந்தார். அவர்கள் செய்திருப்பது அணையாம். கண்ணாடி, கலர் பல்பு, பச்சை வர்ணம் பூசிய மரத்தூளில் புல்வெளி. எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நாடார் கடைக்குப் போற சரக்கா சார்?" என்றார். நான் சிரித்தேன். அவர் போனதும் அந்தப் பெட்டியை அவர் கண்ணால் பார்த்தேன். பலகையில் கறை. துருப்பிடித்த பட்டை. வெற்றிலைப் பெட்டியில் செதுக்கியிருந்த மயிலின் வால் பாதி மட்டும் தகட்டில் தெரிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு டப்பா சில்வர் பெயிண்ட் வாங்கி வந்தேன். அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஒருத்தனாக உட்கார்ந்து அடித்தேன். பெட்டிக்கு அடித்தேன். மூடிக்கு அடித்தேன். பிரஷ் கையில் இருந்தால் நிறுத்தத் தோன்றாது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கிறவன் அந்த வேகத்திலேயே நெற்றிக்கும் அடித்துவிடுகிற மாதிரி, தகட்டுக்கும் அடித்தேன். ஆணிக்கும் அடித்தேன். மயில் வால் மறைந்தது. அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வயிறு அமைதியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் பாவாடை தாவணியில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சார், தகட்டு மேலயும் அடிச்சிட்டீகளா?"

"அலுமினியப் பெயிண்ட்தானம்மா. அலுமினியம் உலோகம். முன்ன விட நல்லாத்தான் கரண்டு போகும்."

எட்டாம் வகுப்புக்குக் கடத்தியும் கடத்தாப் பொருளும் நடத்துகிறவன் சொன்ன வார்த்தை இது. அலுமினியத் தூளைக் குழைத்திருக்கிற வார்னிஷை நான் நினைக்கவே இல்லை.

"ஒரு தடவ பத்த வச்சுப் பாத்துக்கிருவமா சார்?"

"வேணாம். புகை பிடிச்சாப் பளபளப்புப் போயிரும். ஜட்ஜ் வந்தப்பெறகு ஏத்துனாப் போதும்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பெட்டிக்குள் கையை விட்டு, தகட்டின் நுனியை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ற? கைய எடு. பெயிண்ட் உரியுது பாரு."

எடுத்துவிட்டாள். ஊக்கைத் திரும்பத் தாவணியில் குத்திக்கொண்டாள்.

கண்காட்சியில் எங்கள் மேசைக்கு நடுவர்கள் வரப் பதினொன்றரை மணி ஆயிற்று. வாத்தியார்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது. நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவள் இரண்டு பக்கத்தையும் தட்டாமல் சொன்னாள். பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விளக்கை ஏற்றினாள். தகடு சூடாகி மெல்ல வளைந்தது. ஆணியைத் தொட்டது. நன்றாகவே தொட்டது, கயிற்றுக்கு வெளியே இருந்த எனக்கே தெரிந்தது.

மணி அடிக்கவில்லை.

"தொட்டிருச்சே. ஏன் அடிக்கல?" என்றார் பேராசிரியர். நல்ல மனுஷன், பொறுமையாகத்தான் கேட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அவளுக்குக் காலையிலேயே தெரியும்.

"பெயிண்ட் சார். அதுமேல கரண்டு போகாது."

"யாரும்மா பெயிண்ட் அடிச்சது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் அப்போது என்ன செய்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரிக்கத்தான் வேண்டும். குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டினேன். என் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

"நான்தான் சார்" என்று அவள் குரல் கேட்டது.

"இவ்வளவு தெரிஞ்ச பொண்ணுக்கு இது தெரியலையேம்மா" என்றார் அவர். ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவர்கள் இரண்டு மேசை தள்ளிப் போயிருப்பார்கள். அவள் ஊக்கை எடுத்துத் தகட்டின் நுனியையும் ஆணியின் தலையையும் பரபரவென்று சுரண்டினாள். சூடு இன்னும் இருந்தது. மணி அடித்தது. அப்படி ஒரு அடி. அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. அணைக்கு முன்னால் நின்றிருந்த பேராசிரியரும் தலையைத் திருப்பினார். அவள் அவரைப் பார்த்துக் கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினாள். அதற்குள் மேற்பார்வைக்கு நின்ற யாரோ, "யாருப்பா அது, மணிய நிப்பாட்டுங்க, இங்க பேசுறது கேக்கல" என்று சத்தம் போட்டார்கள்.

நான் கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

கண்காட்சியில் நான் செய்த ஒரே வேலை அது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் சின்னமனூரிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். 'பெயிண்ட் அடிச்சது நான்தாங்க. உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. மணி நல்லா அடிச்சது.' மூன்று வாக்கியம். அவள் இரண்டு பக்கம் மனப்பாடம் செய்தவள். எனக்கு மூன்று வாக்கியம் நிற்காதா?

பஸ் நிறுத்தத்தில் அவள் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மலையிலிருந்து சீக்கிரமே இறங்கி, குளித்துவிட்டு வந்திருக்கிறார். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அடிச்சுச்சா சார்?"

அவள் ஒதுங்கி நின்றாள். இந்த முறை என்னிடமே விட்டுவிட்டாள்.

"அது வந்து... பெயிண்ட் அடிச்சதுல கொஞ்சம் கோளாறாயிருச்சு" என்றேன்.

எங்கள் பள்ளியில் தமிழய்யா ஒருவர், தோன்றா எழுவாய் என்று ஒரு பாடம் நடத்துவார். செய்தவன் யார் என்று சொல்லாமலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். கேட்கிறவர் ஆளை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். என்னைப் போன்றவர்களுக்கு வசதியாக எவனோ யோசித்து வைத்திருக்கிறான். அவள் அப்பாவும் ஆளை நிரப்பிக்கொண்டார். மகளைப் பார்த்தார்.

"அடிக்குமா அடிக்காதான்னு தெரியாமயா ஆத்தா பெயிண்ட அடிச்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெட்டியை என்னிடமே திரும்பக் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும் சார்" என்றார். இருவரும் நடந்து போனார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால்.

ஜூன் மாதம் பத்தாம் வகுப்பில் வருகை எடுத்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டேன். முன் பெஞ்சில் ஒருத்தி, "அவ மலைக்குப் போயிட்டா சார்" என்றாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வது என்று கிளம்பினேன். தெரு முனைவரை போனேன். அங்கே ஒரு டீக்கடை. டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். டீக்கடைக்காரரிடம் இரண்டு ஜோக் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு அடுத்த மாதம் குடும்பமே மலைக்கு மேல் குடியேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

பெட்டி ஆய்வகத்திலேயே கிடந்தது. தகட்டில் இருந்த பெயிண்டை நானே பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன்; மயில் வால் திரும்ப வந்தது. ஒவ்வொரு வருஷமும் வெப்பம் பாடம் வரும்போது அதை ஏற்றிக் காட்டுவேன். ஒரு தடவைகூட அடிக்காமல் இருந்ததில்லை. "யாரு சார் செஞ்சது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "உங்கள மாதிரி இல்லாம ஒழுங்காப் படிச்ச பொண்ணு" என்று சொல்வேன். வகுப்பு சிரிக்கும்.

ஏழெட்டு வருஷம் கழித்து, கம்பத்தில் ஜீப் நிற்கிற இடத்தில் அவள் அப்பாவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. தோளில் மூட்டை. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"நல்லாருக்கீகளா சார்?"

மகளைக் கேட்டேன். அந்தப் பக்கத்து எஸ்டேட்டிலேயே கட்டிக்கொடுத்துவிட்டதாகவும், இரண்டு பிள்ளைகள் என்றும், இன்னும் காய் எடுக்கத்தான் போகிறாள் என்றும் சொன்னார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஸ்டோர்ல இப்ப மிசின் வந்திருச்சு சார். சூடு ஏறுனா அதுவே மணி அடிக்குது. அவ செஞ்சா பாருங்க, அதே கணக்குதான். இங்கன சுட்டா அங்கன அடிக்குது" என்று சிரித்தார்.

அப்போதுதான் சொன்னேன். எதிர்பார்க்காமல் வாயில் வந்துவிட்டது; எழுவாயோடு வந்தது.

"அன்னைக்கு அந்தப் பெயிண்ட அடிச்சது நான்தாங்க. அவ அடிக்கல. அவ சுரண்டிவிட்டதும் மணி நல்லா அடிச்சது."

இத்தனை வருஷமும் நான் இந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர், 'அதனால என்ன சார், எப்படியும் அவள நிறுத்தித்தான் இருப்பேன்' என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் மூட்டையை இறக்கிக் கீழே வைத்தார்.

"அடிச்சுச்சா?" என்றார்.

"அடிச்சது."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சார். தாளு எதுக்கு? அந்தப் பெட்டியவே தூக்கிக்கிட்டுப் போயி மொதலாளி முன்னால வச்சு அடிக்கவிட்டிருப்பேன்ல."

கோபமே இல்லை அந்தக் குரலில். ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற மாதிரி சொன்னார். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. வயிறுகூட ஒன்றும் செய்யவில்லை. ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறி உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"வெயில்ல நிக்காதீக சார். வீட்டுக்குப் போங்க."